கமுகடியில் இருந்த எல்லைக்கல்

2024 ஒக்டோபர் 14, திங்கட்கிழமை. அக்குறணையில் மஸீனாவின் காணிக்கும் கீழ்வீட்டு இப்திகாரின் காணிக்கும் நடுவே, மேட்டின் கீழே கமுகடியில் நாட்டப்பட்டிருந்த எல்லைக்கல், ஏழடி மேலேற்றப்பட்டு அவள் சமைக்கும் குசினியின் சுவரோரம் நின்றது.

கணவர் ஹாஷிம் இறந்து, மௌத்தாகி, அன்றோடு நாற்பது நாள். கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாக் காலம் முடிய இன்னும் தொண்ணூறு நாள்கள் இருந்தன. அதுவரை அந்நிய ஆடவர் கண்ணிற் படாமல் வீட்டுக்குள் இருப்பதே ஊர் வழக்கம். அதனால், முந்திய வாரம் இப்திகார் நில அளவையாளரோடு வந்தபோதும் அவள் வெளியே வரவில்லை.

"ஹாஷிம் நானா இரிக்கக்குள்ள பேசின எல்லதான் தங்கச்சி, பயப்புடாதீங்க."

இப்திகாரின் அந்தக் குரலை நம்பி, கதவிடுக்கால் நீட்டப்பட்ட தாளில் கையெழுத்திட்டாள். கல்லை எங்கே நாட்டினார்கள் என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இன்றோ, மூன்று நாள் மழையில் ஊறிய மேட்டை, இப்திகார் கடை கட்டுவதற்கென்று, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் செங்குத்தாக வெட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வெட்டுக்கும் அலுமாரிக்குள் கோப்பைகள் நடுங்கின. காலையில் குசினிச் சுவரில் மயிரிழையாகத் தெரிந்த வெடிப்பு, நண்பகல் தொழுகைக்கு லுஹர் பாங்கு சொல்லும்போது அகன்றிருந்தது.

"உம்மா, என்ட சின்ன விரல் உள்ளுக்குப் போகுது" என்றாள் மகள் இல்மா.

மஸீனா ஜன்னலால் பார்த்தாள். மேடு இருந்த இடத்தில் வெறும் பள்ளம். வேர் வெளித்தெரியக் கமுகு சாய்ந்து நின்றது.

"நானா, நிப்பாட்டுங்க!"

இயந்திர இரைச்சல் அவள் குரலை விழுங்கிற்று. மகளை வாசற்பக்கம் ஓடச்சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்து மூடி, பின்கதவைத் திறந்துகொண்டு போய், இடம் மாற்றப்பட்ட கல்லின்மேல் கைவைத்து நின்றாள். இயந்திரம் நின்றது.

"இத்தாவுல இரிக்கிற பொம்புள இப்பிடி வெளிய வந்தா ஊர் என்ன சொல்லும்?" என்று கீழிருந்து சிரித்தார் இப்திகார்.

"ஊர் வரட்டும் நானா. வந்து கல்லப் பாக்கட்டும்."

"பாத்து என்ன? கையொப்பம் நீங்க போட்டது. கல்லு கமுகடியில இருந்தத்துக்குச் சாட்சி யாரு?"

அவள் காலடியில் ஒரு பிடி மண் பெயர்ந்து பள்ளத்தில் விழுந்தது. மலைப்பக்கம் மீண்டும் இருண்டது.

அந்தக் கமுகைக் கடந்து ஆண்டுக்கணக்காகக் கடைக்கும் பள்ளிக்கும் நடந்தவர்களே, கல்லைக் கண்டவர்கள் நீங்கள். அடுத்த மழைக்கு முன் கிராம சேவகரிடம் சென்று, கண்டதைச் சொல்லுங்கள்.