துரையின் தாடி

எங்க வீட்டுக்காரர் கையில கத்தரிக்கோல் இருந்தா மூளை லீவு போட்டுடும். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க, இத்தனை வருஷம் கூடவே குடித்தனம் பண்ணிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கீழ சலூன், மேல வீடு. மனுஷன் தங்கம், நான் இல்லேங்கலை. ஆனா கோணல்மாணலா ஒரு முடி கண்ணுல பட்டுட்டா போதும், கை அரிக்க ஆரம்பிச்சுடும். ஸ்கூல் பஸ் ஓட்டி, அந்த வாலில்லாக் குரங்குகளை எல்லாம் வீட்டுல இறக்கிவிட்டுட்டு அக்கடான்னு வந்து உட்கார்ந்தா, "நெத்தியில ரெண்டு முடி துருத்திக்கிட்டு நிக்குது, அசையாத"ன்னு கத்தரியோட முன்னால வந்து நிப்பார். எங்க வீட்டுக் கால்மிதியோட குஞ்சம்கூட ஒரே அளவாத்தான் இருக்கும்.

இந்தக் கையாலதான் அவருக்கும் அவரோட அக்காவுக்கும் பேச்சு நின்னுபோச்சு.

என் நாத்தனார் பல் டாக்டர். ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் வாயைத் திறங்கன்னு சொல்றவங்க, தம்பிகிட்ட மட்டும் ரெண்டு வருஷமா வாயே திறக்கலை. அவங்களை நான் அண்ணின்னும், அவங்க வீட்டுக்காரரை அண்ணன்னும் கூப்பிடுவேன். அண்ணன் ரேடியோவுல செய்தி வாசிச்சவர். கணீர்னு ஒரு குரல், அதுக்குக் கீழ காடு மாதிரி ஒரு தாடி. அதுல பிஸ்கட் தூள் இருக்கும், சமயத்துல பென்சில்கூட செருகியிருக்கும். அண்ணி பேசிக்கிட்டே கையை நீட்டி அந்தத் தூளை எடுத்துப் போடுவாங்க. பார்க்கவே எனக்குப் பொறாமையா இருக்கும்.

இவருக்கோ அந்தத் தாடியைப் பார்த்தாலே தூக்கம் போயிடும். "அத்தான், ஒரே ஒரு தடவை எங்கிட்ட விடுங்க, ராஜா மாதிரி ஆக்கிக் காட்டுறேன்"னு கெஞ்சுவார். அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "ரேடியோக்காரன் மூஞ்சியை யாருடா பார்க்கப் போறா? நான் போனப்புறம் ஆசை தீர வெட்டிக்கோ, போ"ன்னு விரட்டி விடுவார்.

விளையாட்டுக்குச் சொன்னது. எங்க வீட்டுக்காரர் அதை அப்படியே நெஞ்சுல எழுதி வச்சுக்கிட்டார். ஒருநாள் காலையில அண்ணன் திடீர்னு போயிட்டார். அக்கா அடுத்த ரூம்ல மயங்கிக் கிடந்தப்போ, இவர் கண்ணீர் வடியிற கண்ணோட உட்கார்ந்து, அத்தானை அழகா அனுப்பணும்னு தாடியை மழமழன்னு வழிச்சு எடுத்துட்டார். அண்ணி எழுந்து வந்து பார்த்தாங்க. தெரியாத ஆளைப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு, "யாருடா இது?"ன்னாங்க. அதுதான் தம்பிகிட்ட அவங்க கடைசியாப் பேசின பேச்சு.

அண்ணன் விட்டுட்டுப் போனது ஒரு நாய். பிரான்ஸ் நாட்டுச் சாதி, முயல் வேட்டைக்குன்னே வளர்த்தது. பெட்டி பாசே கிரிஃபோன்னு தொடங்கி அதோட பேரு இன்னும் போகும், முழுசாச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள அது அடுத்த தெருவுக்குப் போயிருக்கும். குட்டைக் காலு, நீள உடம்பு, தொங்குற காது, வெள்ளையும் பழுப்பும் கலந்த சொரசொர முடி. மீசை, தாடி, புருவம்னு மூஞ்சி பூரா புதர். அசப்புல அண்ணனேதான். கூப்பிட்டா வரமாட்டார், அவருக்காத் தோணினா வருவார். அதனால அண்ணன் வச்ச பேரு துரை.

அண்ணிக்கு முழங்காலுக்கு ஆபரேஷன்னு ஆச்சு. நாய்களைப் பார்த்துக்கிற விடுதியில துரையைச் சேர்க்க மாட்டோம்னுட்டாங்க. போன தடவை வேலிக்கு அடியில தோண்டி துரை தப்பிச்சதோட இல்லாம, கூட இருந்த நாயை எல்லாம் கூட்டிட்டுப் போயிருக்கார். வேற வழியில்லாம அண்ணி எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. எங்க வீட்டுக்காரர் பக்கத்துலயே நிக்கிறார், ஆனா பேச்செல்லாம் என்கிட்டதான்.

"தினமும் காதைத் தூக்கித் துடைக்கணும், தொங்குற காது, உள்ள ஈரம் நின்னா புண்ணாயிடும். வாரத்துல ஒருநாள் சீவி, உதிர்ற முடியை விரலாலயே மெதுவாப் பிடுங்கி விடு. வெளிய போனா கயிறு கையில இருக்கணும். மூக்கு ஒரு வாசனையைப் பிடிச்சிடுச்சுன்னா காது கேட்காது அவனுக்கு. அப்புறம்..." அண்ணி மேல விட்டத்தைப் பார்த்தாங்க. "கத்தரிக்கோல் மட்டும் அவன் மேல படக்கூடாது. தினம் சாயங்காலம் வீடியோவுல கூப்பிடுவேன். அவன் மூஞ்சியைப் பார்க்காம எனக்குத் தூக்கம் வராது."

போறப்போ ஒரு நொடி நின்னு, தம்பி பக்கம் திரும்பி, "பார்த்துக்கோ"ன்னாங்க.

அவ்வளவுதான். அந்த ஒத்த வார்த்தைக்கு எங்க வீட்டுக்காரர் தரையில நடக்கலை. கடைக்கு வந்தவங்ககிட்ட எல்லாம், தலையைக் குனியச் சொல்லிட்டு, "எங்கக்கா என்கிட்ட பேசிட்டாங்க"ன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனார்.

துரை வந்த முதல் நாளே வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கின மாதிரிதான். ஃப்ரிட்ஜ் கதவை மூக்காலயே திறக்கக் கத்துக்கிட்டார். என் செருப்புல ஒண்ணை மட்டும் எடுத்துட்டுப் போய்ப் பூந்தொட்டியில புதைப்பார், இன்னொண்ணை எனக்கு விட்டு வைப்பார். உருவம் சின்னது, தொண்டை பெருசு. அவர் ஒரு ஊளை விட்டா சலூன்ல ஷேவிங்குக்கு உட்கார்ந்திருக்கிறவன் உயிர் அவன் கையில இருக்காது. தண்ணி குடிச்சா பாதி வயித்துக்குள்ள, பாதி தாடியில. அந்தத் தாடியோட கடை பூராக் கோலம் போட்டுக்கிட்டே போய், நேரா இவர் வெள்ளைக் கோட்டுல துடைச்சுக்குவார். இவர் அந்தத் தாடியை ஒரு மாதிரியாப் பார்க்கிறதை நான் பார்த்தேன். "கையைப் பின்னால கட்டுங்க"ன்னு எச்சரிச்சேன். "என்னை என்ன சின்னப் பிள்ளைன்னு நினைச்சியா?"ன்னு ரோஷம் வேற.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் பஸ்ஸை விட்டுட்டு வந்தா, கடையில ஆள் இல்ல. துரை நாற்காலி மேல ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கார், கழுத்துல துண்டு. எங்க வீட்டுக்காரர் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறார். துரையோட மூஞ்சி உரிச்ச பனங்கிழங்கு மாதிரி இருக்கு.

"நுனியை மட்டும்தான்மா எடுத்தேன்... சத்தியமா நுனியை மட்டும்தான். இடது பக்கம் கொஞ்சம் இறங்கிடுச்சு. சரி, வலது பக்கம் சமமாக்கலாம்னு பார்த்தேன். அது ஏறிப்போச்சு. அப்புறம் மறுபடி இடது பக்கம்..."

"மூஞ்சி தீர்ந்து போனதால நிறுத்தினீங்களாக்கும்!"

கத்துற கத்துல நாக்கு வறண்டுபோச்சு எனக்கு. ஒரு தடவை பண்ணின பாவத்துக்கே ரெண்டு வருஷம். இப்போ அதே வேலை, அதே கை, அண்ணனோட ஜாடையில மிச்சம் இருந்த ஒரே மூஞ்சியில. இது தெரிஞ்சா அக்கா இந்த ஜென்மத்துல இவர் வாசப்படி மிதிக்க மாட்டாங்க. இவருக்கும் அது தெரியும். திட்ட வந்ததுல பாதியை நான் முழுங்கிட்டேன்.

அண்ணி கூப்பிடுற நேரமும் நெருங்கிடுச்சு. அப்போதான் இவர் கண்ணு குப்பைக் கூடைக்குப் போச்சு. அன்னைக்கு மத்தியானம்தான் எங்க தெரு தபால்காரர், வீட்டம்மா தொல்லை தாங்காம, ஆசை ஆசையா வளர்த்த தாடியை இங்க வந்து வழிச்சுட்டுப் போயிருக்கார். வெள்ளையும், மருதாணி வெளுத்த பழுப்பும். அச்சு அசலா துரை கலர்.

"வேண்டாம்ங்க"ன்னேன். சொல்லிக்கிட்டே ஊசியில நூல் கோத்தேன். வேற என்ன பண்றது, வாழ்க்கைப்பட்டாச்சே! தலைக்குச் சாயம் பூசறப்போ மாட்டுற வலைத் தொப்பியில ஒரு துண்டு வெட்டி, கழுவின தாடியைக் கொத்துக் கொத்தாத் தைச்சு, ரெண்டு பக்கமும் நாடா வச்சேன். நாடாவைக் காதுக்கு அடியில கட்டினா, அந்தத் தொங்குற காது அதை மூடிடும். துரை பேசாம இருக்கணுமேன்னு ஒவ்வொரு தடவை மாட்டுறப்பவும் ஒரு துண்டு ஈரல் கொடுத்தோம். வெளக்கைக் கொஞ்சம் மங்கலா வச்சோம்.

அண்ணி போன்ல பார்த்தாங்க. "என் ராஜா, கொஞ்சம் முடி அடர்த்தியாத் தெரியுதே?"ன்னாங்க.

"நல்ல சாப்பாடு அண்ணி"ன்னேன். நரகத்துல எனக்கு ஒரு இடம் ரிசர்வ் ஆனது அப்போதான்.

இப்படியே தினமும் ஓடுச்சு. போன் வர்றதுக்கு முன்னால பிஸ்கட் டப்பாவைத் திறந்து தாடியை எடு, மாட்டு, ஈரல் கொடு, சிரி. ஆனா நாங்க ஒண்ணை மறந்துட்டோம். துரையோட மூக்கு சாதாரண மூக்கு இல்ல. என்னதான் ஷாம்பு போட்டுக் கழுவினாலும், தபால்காரர் வாசனை அதுல போகலை. துரைக்கு இப்போ உலகத்துல ஒரே ஒரு வாசனைதான் ஈரல் கொண்டுவரும்.

எந்த ஊர் நாயும் தபால்காரரைக் கண்டா துரத்தும். எங்க துரை காதலிச்சார். அந்த ஆள் தெருமுனையில சைக்கிளை நிறுத்தினா, இங்க ஊளை கிளம்பும். ஒருநாள் கயித்தை உருவிட்டு ஓடி, தபால் ஆபீசுக்குள்ளயே போய், சீல் குத்திக்கிட்டிருந்தவர் கால்மேல தலையை வச்சுப் படுத்துட்டார். தபால்காரர் உருகிப் போயிட்டார். "ஷேவ் பண்ணினப்புறம் என் பொண்டாட்டிகூட என்னை இப்படிப் பார்க்கலைங்க"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டார். நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தோம்.

அண்ணி கைத்தடி ஊனிக்கிட்டு ஒருநாள் காலையில வந்துட்டாங்க. நேரா சலூனுக்கே. தம்பி நாற்காலியைத் துடைச்சுப் போட்டார். துரையைத் தாடியோட நான் மடியில வச்சுக்கிட்டு, துண்டைப் போர்த்தி, பிறந்த குழந்தை மாதிரி பிடிச்சிருந்தேன்.

"எங்கிட்ட கொடு அவனை."

"கால் வலிக்கும் அண்ணி, இப்போதானே..."

"அக்கா, முதல்ல காப்பி சாப்பிடுக்கா"ன்னு இவர் குறுக்க பாய்ஞ்சார்.

அண்ணி தம்பியை நிமிர்ந்து பார்த்தாங்க. "நல்லாத்தான்டா பார்த்துக்கிட்டிருக்க"ன்னாங்க. குரல் இளகியிருந்துச்சு. இவர் முகத்துல அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கவே எனக்குப் பயமா இருந்துச்சு.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்துச்சு. "சார், பார்சல் இருக்கு, ஒரு கையெழுத்து..."

துரை விட்டார் பாருங்க ஒரு ஊளை! என் மடியிலருந்து பெஞ்சுக்கு, பெஞ்சுலருந்து தபால்காரர் நெஞ்சுக்கு. மோவாயை மோந்து, நக்கி, மூஞ்சியோட மூஞ்சியைத் தேய்ச்சார். தாடி அந்த ஆள் சட்டைப் பொத்தான்ல மாட்டிக்கிச்சு. துரை கீழ குதிச்சார். தாடி மேலயே நின்னுடுச்சு.

தபால்காரர் அதைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார். "சார்... இது நம்ம தாடி மாதிரி இல்ல?"

அவர் பார்சலை வச்சுட்டு, தாடியையும் அதுமேல பத்திரமா வச்சுட்டு, பூனை மாதிரி வெளிய போயிட்டார்.

"அக்கா..."ன்னு  இவர் ஆரம்பிச்சார். கத்தரிக்கோலை மேஜை மேல வச்சார். "அன்னைக்கும் இப்படித்தான்க்கா. அத்தான் அழகாப் போகணும்னுதான்... நீ எழுந்து வந்து பார்ப்பியேன்னு எனக்குத் தோணவே இல்லக்கா." அப்படியே தரையில உட்கார்ந்து அழுதார். அவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததே இல்ல.

துரை அவங்க கால்கிட்டப் போய் நின்னார். அண்ணி குனிய முடியாம குனிஞ்சு, அந்த மொட்டை மோவாயைத் தடவினாங்க. நாள் ஆயிடுச்சு இல்லையா, குத்துற மாதிரி சின்ன முடி முளைச்சிருந்துச்சு. விரலை அங்கேயே வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தாங்க.

"விடுடா"ன்னாங்க. "இதுக்கு வளரும்."

நானும் அழுதுட்டேன், மறைக்கிறதுக்கு என்ன இருக்கு. அண்ணி மூக்கை உறிஞ்சிக்கிட்டு நிமிர்ந்தாங்க. உடனே பழைய டாக்டரம்மா ஆயிட்டாங்க. "ஆனா தண்டனை இல்லாம விட மாட்டேன். அவனுக்கு வளர்ற வரைக்கும் உன் மூஞ்சியில பிளேடு படக்கூடாது. வாராவாரம் வந்து பார்ப்பேன்."

எங்க வீட்டுக்காரரைத் தூக்குல போட்டிருந்தா சந்தோஷமாப் போயிருப்பார்! முள்ளு முள்ளா முளைச்சப்போ கடைக் கண்ணாடியைப் பார்க்காமலே முடி வெட்டினார். வந்தவங்க எல்லாம், "என்னண்ணே, கடையை மூடப் போறீங்களா?"ன்னு துக்கம் விசாரிச்சாங்க. தபால்காரர் மட்டும், "ஆரம்பத்துல அரிக்கும் சார், தேங்காய் எண்ணெய் வையுங்க"ன்னு யோசனை சொன்னார். துரைக்கு இப்போ அவர் கையாலயே ஈரல் வருது.

அண்ணி ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வர்றாங்க. முதல்ல துரையோட மோவாய், அப்புறம் தம்பியோட மோவாய். போன வாரம் மூணு பேரும் உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டிருந்தோம். அண்ணி ஏதோ ஒரு பேஷண்டைத் திட்டிக்கிட்டே கையை நீட்டி, இவர் தாடியில ஒட்டியிருந்த பிஸ்கட் தூளை எடுத்துப் போட்டாங்க. பேச்சு நிக்கவே இல்ல. இவர்தான் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாம அப்படியே பிடிச்சிருந்தார்.

துரைக்குத் தாடி எப்பவோ பழையபடி வளர்ந்தாச்சு. அண்ணிக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியும். உன் தாடியை எடுத்துக்கோன்னு அவங்களும் சொல்லலை, எடுக்கட்டுமான்னு இவரும் கேட்கலை. எனக்கு அந்தத் தாடி குத்தத்தான் செய்யுது, ஆனா நானும் வாயைத் திறக்கலை.