சுவரைப் பார்த்த நாற்காலி

"உங்க பொண்ணு காது கேக்காத மாதிரியே உக்காந்திருக்கா. ஒரு தடவை டெஸ்ட் பண்ணிப் பாத்துடுங்களேன்" என்று வகுப்பு டீச்சர் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. முதல்ல உங்க கண்ணை டெஸ்ட் பண்ணுங்க என்று நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன். என் மகளுக்கு ஏழு வயது. வீட்டில் அவள் பெயர் வாண்டு. கூப்பிட்டால் திரும்புகிறாள். லாரி ஹாரன் அடித்தால் துள்ளிக் குதிக்கிறாள். இவளுக்கா காது கேட்காது? டீச்சரிடம் வீறாப்பாகத் தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, அன்றிலிருந்து அவள் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நல்லவேளை, என் தங்கை படிப்பதே காதுப் பரிசோதனைதான். மூன்றாம் வருடம். அவள் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பதால் என் கணவர் அவளுக்கு டெசிபல் என்று பெயர் வைத்திருக்கிறார். "நானே பாத்துடுறேன்க்கா. ஏதாவது இருந்தாதான் எங்க மேடம்கிட்ட போகணும்" என்றாள். வேலை பார்க்கும் மருந்துக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வாண்டுவை அவள் கல்லூரிப் பயிற்சி அறைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்கத் தடித்த துணி ஒட்டிய சின்ன அறை. மேஜை மேல் ஒரு மெஷின். அதிலிருந்து சிவப்பும் நீலமுமாய் இரண்டு ஒயர்கள் போய்ப் பெரிய ஹெட்போனில் சேர்ந்தன. தங்கை அதை வாண்டுவின் தலையில் மாட்டுவதற்கு முன்னால் பாடம் எடுத்தாள்.

"சத்தம்னா என்ன? காத்து ஆடுறதுதான். மெதுவா ஆடினா கனமான சத்தம், வேகமா ஆடினா கீச்சு சத்தம். எவ்வளவு சன்னமா வெச்சாலும் உனக்குக் கேக்குதான்னு பாக்கப் போறேன். கேட்டா கையைத் தூக்கு, சரியா? இப்ப எங்களுக்கு முதுகைக் காட்டி உக்காரு."

"அம்மா தெரியணும்" என்றாள் வாண்டு. உதடு பிதுங்கிவிட்டது.

"போகட்டும் விடுடி. அழ ஆரம்பிச்சா வேலைக்கே ஆகாது" என்றேன். தங்கை ஒரு கணம் யோசித்துவிட்டு நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டாள்.

தங்கை பொத்தானை அமுக்கும்போதெல்லாம் மெஷினில் ஒரு பச்சை விளக்கு எரிந்தது. நான் அவள் பக்கத்திலேயே இருந்ததால் எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. விளக்கு எரியும், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன், வாண்டுவின் கை மேலே போகும். இடது காது முடிந்தது. வலது காதும் முடிந்தது. ஒன்றையும் அவள் தவறவிடவில்லை.

"பிரமாதம்க்கா. என் காதே இவ்வளவு நல்லா கேக்காது" என்றாள் தங்கை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த டீச்சரை நாளைக்கு எப்படி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே கணவரைக் கூப்பிடப் போனை எடுத்தேன்.

ஒயர்களைச் சுருட்டப் போன தங்கை அப்படியே நின்றுவிட்டாள். நீல ஒயர் மெஷினில் சொருகியிருந்தது. சிவப்பு ஒயரின் முனை மேஜை மேல் சும்மா கிடந்தது.

"அக்கா, வலது காதுக்குச் சத்தமே போகல."

"அதெப்படி? அவதான் கை தூக்கினாளே?"

"அதான்க்கா."

சிவப்பு ஒயரைச் சொருகினாள். பிறகு சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டு, வெறும் பொத்தானை மட்டும் அமுக்கினாள். அமுக்கும்போது அவள் வாண்டுவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. நான் ஒன்றும் செய்யவில்லை. சத்தியமாக ஒன்றும் செய்யவில்லை. வாண்டு கையைத் தூக்கினாள்.

"உன் புருவம் ஏறுதுக்கா. தலையும் லேசா ஆடுது. அவ உன் மூஞ்சியைத்தான் பாத்துட்டிருக்கா."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒயரை ஒழுங்கா சொருகத் தெரியல, எனக்கு மூஞ்சி பாக்க வந்துட்டா!"

அவள் கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை. "நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காருக்கா."

நான் எழுந்திருக்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாண்டுவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம், என்னை யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் வீட்டில் நான் வாய் திறந்தாலே இவள் விளையாட்டை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பது நினைவுக்கு வந்தது. அம்மாப் பைத்தியம் என்று எல்லோரிடமும் பெருமையடித்திருக்கிறேன். அது பாசம்தானா என்று இப்போது பயமாக இருந்தது.

நாற்காலியை அறையின் மறுகோடிக்கு இழுத்து, சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரியா கை தூக்கினா 'சமத்து'ன்னு சொல்லுவேன், அதை வெச்சுத் தெரிஞ்சுக்க" என்றாள் தங்கை. "முதல்ல கனமான சத்தம்."

"சமத்து" என்றாள். மறுபடியும் "சமத்து". எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இனிமே கீச்சு சத்தம்க்கா. 'ச', 'ஸ' எல்லாம் கேக்குறதுக்கு இதுதான் வேணும்."

சத்தத்தைக் கூட்டும் திருகு ஒரு படி ஏறினால் டக் என்று கேட்கும். டக். ஒன்றும் வரவில்லை. டக். டக். தங்கை வாயே திறக்கவில்லை. துணிச் சுவரில் ஒரு நூல் பிரிந்திருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டக்.

அப்போது எங்கேயோ கொசு மாதிரி கீ என்று ஒரு சத்தம். வெளியே வராந்தாவில் என்று நினைத்தேன். மறுபடியும் வந்தது, விட்டு விட்டு, எனக்குப் பின்னாலிருந்து. ஹெட்போனிலிருந்து வெளியே கசிகிறது. அறையின் மறுகோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கே கேட்கிறது.

தங்கை சமத்து என்று சொல்லவில்லை.

டக். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. தூக்குடி செல்லம், தூக்கு. என் தலை தானாக ஆடியது, சுவரைப் பார்த்து.

"சித்தி," என்றாள் வாண்டு, "இன்னும் ஆரம்பிக்கலையா?"