பின்னிருக்கையில் ஊதாக் கறை

மார்ச் பதினான்காம் தேதி சனிக்கிழமை காலை, பேருந்து நிலையத்தின் பின்தெருவில், கார் இருக்கைகளைச் சுத்தம் செய்யும் தகரக் கொட்டகையின் முன் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அதன் பின்னிருக்கைத் துணியில், இடதுபக்கக் கதவை ஒட்டி, ஊதா நிறத்தில் மைக்கறை இருந்தது.

ஓட்டி வந்தவன் கொட்டகைக்காரியின் அண்ணன். இறங்கும்போதே சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, "என்ன டாக்டரம்மா, ஆபரேஷன் தியேட்டர் காலியா?" என்றான். கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு வேலை செய்வதால் தெருவே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. ஆரம்பித்து வைத்தவன் அவன்தான்.

பையன் பேனாவைக் கடித்து உடைத்துவிட்டதாகவும், மை முழுக்க இருக்கையில் கொட்டிவிட்டதாகவும், வீட்டில் அண்ணி இரண்டு நாளாக இதையே சொல்லிச் சொல்லி உயிரை எடுப்பதாகவும் சொன்னான். என்ன பேனா என்று கேட்டாள். பால்பாயிண்ட்தான், வேறென்ன என்றான். சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, கிளம்பப் போனவன் திரும்பி நின்றான்.

"திங்கக்கிழமை அப்பாவுக்கு இன்னொரு ஸ்கேன் இருக்கு. காலைலயே ரெடி பண்ணி வை. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டு விடு. அடையாள அட்டையையும் மறக்காம எடுத்து வை."

சரி என்றாள். அவன் ஆட்டோ பிடித்துப் போனான்.

கொட்டகை இருந்தது அப்பா வீட்டின் முன்வாசலில். கணவனோடு ஒத்துவராமல் அவள் திரும்பி வந்த வருடம், அப்பா செம்பருத்திச் செடிகளைப் பிடுங்கிவிட்டுத் தகரம் போட்டுக் கொடுத்த இடம். பின்னால் இரண்டு அறையும் சமையலறையும். அங்கே அவளும் அப்பாவும் இருந்தார்கள். அண்ணன் ஊரின் மறுகோடியில் அடுக்குமாடியில் இருந்தான். போன வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலதுபக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆமாம் என்றால் இடதுகையில் ஒரு விரலை உயர்த்துவார். இல்லை என்றால் கையை மூடிக்கொள்வார். வியாழக்கிழமைதோறும் அண்ணன்தான் காரில் வந்து ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அழைத்துப்போனான். அந்த ஒரு விஷயத்தில் அவனைக் குறை சொல்ல முடியாது என்று அவளே அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

முதலில் மிதியடிகளை உதறினாள். வாக்யூம் போட்டு பிஸ்கட் தூளையும் மணலையும் உறிஞ்சினாள். முன்னிருக்கைகளுக்கு நுரை போட்டுத் துடைத்தாள். கறையைக் கடைசியாகத் தொடுவது அவள் வழக்கம். கறை விஷயத்தில் யாரும் உண்மை சொல்வதில்லை என்பதை இந்தத் தொழிலில் சீக்கிரமே தெரிந்துகொண்டிருந்தாள். வாந்தியை டீ என்பார்கள். உதட்டுச் சாயத்தைக் குங்குமம் என்பார்கள். ஒருவர் இருக்கை முழுக்க பிராந்தி நாற்றம் அடிக்க, இருமல் மருந்து கொட்டிவிட்டது என்று சத்தியம் செய்தார். ஒரு பாட்டிலா என்று கேட்டதற்கு, கடுமையான இருமல் என்றார். அவள் யாரையும் இரண்டாவது முறை கேட்பதில்லை. துணியே சொல்லிவிடும்.

மைக்கறை என்றால் எந்த மை என்று தெரியாமல் ஸ்பிரிட்டை ஊற்றக் கூடாது. வெள்ளைப் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் ஒற்றிப் பார்ப்பாள். பால்பாயிண்ட் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீருக்கு அசையாது. பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும். அதற்குத்தான் ஸ்பிரிட். மற்ற மைக்கு ஸ்பிரிட் போட்டால் ஒரு ரூபாய் அளவுக் கறை ஒரு தட்டு அளவாகிவிடும்.

பஞ்சை ஒற்றி எடுத்தாள். பஞ்சு பளீரென்று ஊதாவாக இருந்தது.

இன்னொரு பஞ்சை எடுத்தாள். அதுவும் ஊதா. கையுறையைக் கழற்றி விரலால் தொட்டாள். இரண்டு நாளாகியும் கறை முழுதாகக் காயவில்லை, விரலில் வழுவழுத்தது. எந்தப் பேனாவிலும் இந்த மை இருக்காது. காய்ந்து போகாமல் இருப்பதற்கென்றே செய்த மை இது. ஸ்டாம்ப் பேட் மை.

விளக்கைக் கீழே இறக்கிப் பிடித்துப் பார்த்தாள். கொட்டிய மை என்றால் நடுவில் திட்டாகவும் சுற்றித் தெறிப்பாகவும் இருக்க வேண்டும். இங்கே திட்டு இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நான்கு குட்டைக் கோடுகள். எல்லாம் மேலிருந்து கீழாக. முதல் கோடு அழுத்தமாக இருந்தது, அடுத்தடுத்தவை வெளுத்துக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் ஒரு பெருவிரல் அகலம். யாரோ விரலைத் துடைத்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் வியாழக்கிழமைதோறும் உட்காருவது அப்பா.

அவள் கதவைத் திறந்துவைத்தபடியே காரின் படியில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அப்பாவைக் கொண்டுவந்து விட்டபோது வெகுநேரம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் கூட்டம், ஸ்கேன் எடுத்தார்கள் என்று அண்ணன் சொன்னான். அப்பா அன்றிரவு இடதுகையைத் திறக்கவே இல்லை. பெருவிரலை உள்ளே மடக்கி வைத்திருந்தார். தானே சாப்பிடுகிறவர் அன்று கையை நீட்டவில்லை. வலிக்கிறதா என்று கேட்டபோது கண்ணை மூடிக்கொண்டார். அவள்தான் ஊட்டிவிட்டாள். மறுநாள் குளிப்பாட்டும்போது நகத்தின் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஏதோ மருந்து தடவியிருக்கிறார்கள் என்று சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு மறந்துபோனாள்.

அப்பா குடிநீர் அலுவலகத்தில் காசாளராக இருந்தவர். அவர் கையெழுத்து கோலம் மாதிரி இருக்கும் என்று அலுவலகத்தில் கேலி உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கவுண்டருக்கு வந்து ரேகை வைக்கும்போது, ஸ்டாம்ப் பேடுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு பழைய துணியை மடித்து வைத்திருப்பார். சுவரில் துடைக்கட்டுமே, உங்களுக்கென்ன என்று உடன் வேலை பார்த்தவர்கள் கேட்பார்களாம். சுவரில் துடைப்பவன் வெட்கப்பட்டுக்கொண்டே போவான் என்று அவர் சொல்வார். அந்தத் துணியை வாரம் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுவருவார். சின்ன வயதில் அவள்தான் அதைத் துவைத்தாள். ஸ்டாம்ப் பேட் மை தண்ணீரில் எப்படிக் கரையும் என்பதை அவள் இந்தத் தொழிலில் கற்றுக்கொள்ளவில்லை.

பையில் கைக்குட்டை இல்லாமல் வெளியே போகிறவர் அல்ல அவர். வியாழக்கிழமையும் அவள்தான் துவைத்து மடித்து வைத்தாள். பேண்ட்டின் வலதுபக்கப் பையில். நாற்பது வருடமாக அங்கேதான் இருந்தது என்பதால் யோசிக்காமல் அங்கேயே வைத்துக்கொண்டிருந்தாள். விழுந்துபோன வலதுகை அந்தப் பைக்குள் போகாது. இடதுகைக்கு எட்டாது.

உள்ளே போய் அப்பாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தாள். திறந்திருந்த கார்க் கதவுக்கு நேராக நிறுத்தினாள். எதுவும் கேட்கவில்லை. அவர் இருக்கையைப் பார்த்தார். பிறகு அவள் தோளில் கிடந்த துணியை இடதுகையால் இழுத்து எடுத்து, முன்னால் சாய்ந்து, கறையைத் தேய்க்க ஆரம்பித்தார். நாற்காலி சரிந்தது. அவள் பிடித்துக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை. ஊதா இன்னும் பரவியது.

"விடுங்கப்பா. அது என் வேலை."

துணியை மெதுவாக வாங்கிக்கொண்டு அவர் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள். அண்ணன் ரேகை வைக்கச் சொன்னானா என்று கேட்டாள். ஒரு விரல் உயர்ந்தது. படித்துக் காட்டினார்களா என்றாள். கை மூடிக்கொண்டது. என்ன காகிதம் என்றாவது சொன்னார்களா? கை மூடியே இருந்தது. உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டபோது விரல் உடனே உயர்ந்தது. எதிரில் நிற்பவர் கையில் தலைகீழாக இருக்கும் காகிதத்தைப் படிப்பது காசாளர்களுக்குப் பழக்கம்.

"வீடாப்பா?"

அப்பா கொட்டகையின் தகரத்தைப் பார்த்தார். பிறகு விரலை உயர்த்தினார்.

"உங்களுக்கு இஷ்டமா?"

கையை மூடிக்கொண்டார். மூடிய கையை மார்போடு வைத்துக்கொண்டார்.

அவள் அவரை உள்ளே கொண்டுபோய் ஜன்னலோரம் விட்டாள். காருக்குத் திரும்பி வந்து மீதி வேலையைப் பார்த்தாள். கதவு உட்பக்கங்களைத் துடைத்தாள், கூரைத் துணிக்கு மென்மையான பிரஷ் போட்டாள், வலதுபக்க இருக்கையை நுரைத்து உலர்த்தினாள். வழியோடு போன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்காரர் எட்டிப்பார்த்து, கல்யாணக் காரா என்று கேட்டார். அண்ணன் கார் என்றாள். அப்படியானால் ஓசி என்று சிரித்துவிட்டுப் போனார்.

வீடு யாருக்கு என்று அப்பா ஒருபோதும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டால் அவர் போனபிறகு என்று ஒன்று இருப்பதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயம். அண்ணனுக்கு அந்தப் பயம் இல்லை போலிருக்கிறது. நுரையில் கைவைத்துக்கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்தாள். இந்தக் கொட்டகை போனால் பிரஷ்ஷையும் வாளியையும் எடுத்துக்கொண்டு எங்கே போவது, அப்பாவின் நாற்காலி எந்த மாடிப்படியில் ஏறும் என்று.

சாயங்காலம் அண்ணன் வந்தான். காரைச் சுற்றிவந்து, கண்ணாடியில் முகம் பார்த்து, புதுசு மாதிரி இருக்கிறதே என்றான். பின்கதவைத் திறந்தான்.

"என்னம்மா, இது அப்படியே இருக்கு. போகலையா?"

"போகும். நான் எடுக்கல."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் வாளியின் விளிம்பில் காய்ந்திருந்த இரண்டு ஊதாப் பஞ்சுகளைக் காட்டினாள். பேனா மை இப்படி வராது என்று மட்டும் சொன்னாள்.

"பையன் ஏதாவது ஸ்டாம்ப்..."

"ஒரு துணி குடுத்திருக்கலாமேண்ணா."

"பத்திரம் எழுதுறவர் அவசரப்படுத்தினாரு. ஆபீஸ் மூடுற நேரம். எனக்கு அது தோணவே..."

பாதியில் நிறுத்தினான். தெருவில் ஒரு பேருந்து சத்தத்தோடு திரும்பிப் போனது.

பிறகு அவன் நிறையப் பேசினான். நாளைக்கு அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும், அதனால்தான் முன்கூட்டியே செய்தேன் என்றான். யார் பெயரில் இருந்தால் என்ன, வீடு வீடுதானே என்றான். ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வண்டி ஓட்டுவது யார் என்று கேட்டான். அதில் பொய் இல்லை என்பதால் அவள் தலையாட்டினாள்.

"உன்னை வெளிய போன்னு நான் சொல்வேனா? என் வாயால சொல்வேனாம்மா?"

"நீ சொல்லமாட்ட. அண்ணி சொல்றப்ப சும்மா இருப்ப."

அவன் காதுமடல் சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பினான். அப்பா அங்கே உட்கார்ந்து இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வழக்கமாக உள்ளே போய் அவர் காலைத் தொட்டு, எப்படி இருக்கீங்க சார் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவான். அன்று போகவில்லை.

"திங்கக்கிழமை ஸ்கேன் இல்லதானே?" என்று அவள் கேட்டாள்.

"பத்திரம் பதிய ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அவர் நேர்ல வந்து ஆமாம்னு தலையாட்டினா போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"தலையாட்ட மாட்டார். கேட்டுப் பாத்துட்டேன்."

அவன் சாவியை வாங்கிக்கொண்டான். கூலி என்று எதையும் நீட்டவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. பின்கதவைச் சாத்தியபோது அது சரியாகப் படியவில்லை. இன்னொருமுறை அறைந்து சாத்திவிட்டுக் காரை எடுத்தான்.

திங்கட்கிழமை காலை கார் வந்து தெருவில் நின்று இரண்டு முறை ஹாரன் அடித்தது. அவள் வாசலுக்குப் போய், அப்பா வரவில்லை என்று சொன்னாள். அடையாள அட்டை அவள் இடுப்புப் பையில் இருந்தது. அண்ணன் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்துவிட்டுப் போனான். பின்னிருக்கையில் புது உறை போட்டிருந்தான்.

பத்திரம் பதிவாகவில்லை. அந்த வாரம் வியாழக்கிழமை அண்ணன் வரவில்லை. அவள் கொட்டகையைப் பூட்டிவிட்டு வாடகை வண்டி பிடித்து அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். கைக்குட்டையை இடதுபக்கப் பையில் வைத்தாள்.