புரளாத தாள்

ஒக் பான்சொக்கின் வேதப்புத்தகத்தில் மத்தேயு ஐந்தாம் அதிகாரத் தாள் ஏழு வருடம் புரளவில்லை. கொரியக் கடலோரத்துத் தோல்மித் துறையில் இது ஊரறிந்த சங்கதி. நெத்திலி அவிக்கும் கொட்டகையிலிருந்து நான்கு தடியர்கள் வந்து இழுத்துப் பார்த்ததில் ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. படகுப் பட்டறைக்காரன் கடப்பாரை கொண்டுவந்தான். கடப்பாரை வளைந்தது, தாள் கசங்கக்கூட இல்லை. மனைவி சூன்நிம்மின் புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவள் கையில் சரசரவென்று புரண்ட தாள், பான்சொக்கின் விரல் பட்டதும் அம்மிக்கல்லாகிவிட்டது.

சியோலில் ஒலிம்பிக் நடந்த வருடம்தான் இது தொடங்கியது. ஆலயச் சுவரில் பங் போதகர் ஓர் அட்டவணையை ஒட்டினார். ஆளுக்கொரு வரிசை, வேதத்தின் அறுபத்தாறு ஆகமங்களில் ஒன்றைப் படித்து முடித்தால் ஒரு சிவப்பு வில்லை. பக்கத்துத் துறையைவிட ஒரு கூடை நெத்திலியாவது அதிகம் காயவைக்காமல் தூங்காத ஜனம் தோல்மி ஜனம்; படிப்பும் படகுப் பந்தயமாகிவிட்டது. சூன்நிம் கொப்பரை கொதிக்கிற நேரத்தில்கூடக் கரண்டியும் புத்தகமுமாக நின்று படித்தாள். அவள் வரிசை அம்மை போட்டதுபோலச் சிவந்தது. பான்சொக் படகு வைத்திருப்பவர், ஆலயத்தில் டீக்கன், அடுத்த தேர்தலில் அதற்கு மேல்படியான மூப்பராகிவிடலாம் என்ற நினைப்பும் இருந்தது. நாளுக்கு ஓர் அதிகாரம் என்று மத்தேயுவில் ஆரம்பித்தார். ஐந்தாம் நாள் தாள் நின்றுவிட்டது. அவருடைய வரிசையில் ஒரு வில்லைகூட ஏறவில்லை.

“ஏங்க, நான் ரெண்டாந்தரம் கடைசி ஆகமத்துக்கு, வெளிப்படுத்தலுக்கு வந்துட்டேன். நீங்க இன்னும் அந்த மலைப்பிரசங்கத்து மலையடிவாரத்துலயே உக்காந்திருக்கீங்களே?” என்பாள் சூன்நிம். அவர் போதகரிடம் முறையிட்டார். போதகர் தாளைச் சுண்டிப் பார்த்தார். “புரளலைன்னா புரளலை, டீக்கன். இருக்கிற பக்கத்தைப் படிங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வேறு வழி? விடியற்கால ஜெபம் முடிந்து வந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரிந்து கிடக்கும் அதே பக்கத்தைத் தினமும் படித்தார். முதல் வருடம் எரிச்சலோடு, இரண்டாம் வருடம் பழக்கத்தில். மூன்றாம் வருடம், யாரையும் திட்டாதே என்கிற வரி உறைத்து, படகாட்களை நாய்க்குப் பிறந்தவனே என்று கூப்பிடுவதை நிறுத்தினார். முதலாளிக்கு உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவர்கள் ஜின்செங் மருந்துவேர் வாங்கிவந்து கொடுத்தார்கள். நான்காம் வருடம், வராத இடத்துக்கு இதோ வந்துவிட்டேன் என்று பொய் சொல்வதும் நின்றது. இவ்வளவு நடந்தும் தாள் அசையவில்லை. எந்த வசனம் பிடித்து நிறுத்துகிறது என்று ஊருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். காணிக்கை வைக்க வந்த இடத்தில் சகோதரன் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிற வசனம்.

அவருக்கு இருந்தது ஒரே தம்பி, பான்ஹோ. அலைத்தடுப்புக்கு அந்தப் பக்கம் வீடு. அப்பா இறந்த மறுவருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பான்சொக்குக்கு ‘உத்தமப் புதல்வன்’ என்று ஒரு பலகை செதுக்கிக் கொடுத்தார்கள், கதவுப் பலகை நீளம். அந்த விருந்தில்தான் பான்ஹோ மாட்டிறைச்சிச் சூப் அண்டாவை எட்டி உதைத்தான். பெரியவர்கள் அத்தனை பேர் காலுறையும் நனைந்தது. அன்றோடு பேச்சு நின்றது, ஒலிம்பிக்குக்கு முந்தின வருடம். மன்னிக்க வேண்டியவர் தாம்தான் என்பதில் பான்சொக்குக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. ஜெபத்தில் மன்னித்தார். அலைத்தடுப்பில் ஏறி நின்று சத்தமாக மன்னித்தார். முதல் தர நெத்திலி இரண்டு பெட்டி அனுப்பி மன்னித்தார். பெட்டிகள் பிரிக்காமலே திரும்பி வந்தன. “மன்னிச்சாச்சு, விடேன்!” என்று புத்தகத்தையே அதட்டியும் பார்த்தார்.

ஏழாம் வருடம் சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு முன் சூன்நிம் ஒரு சேதி கொண்டுவந்தாள். “உங்க தம்பி வீட்டைக் காலி பண்றாராம். பண்டிகை முடிஞ்சதும் இன்ச்சோனுக்கு, மக வீட்டுக்கு. இனி இந்தப் பக்கமே வரமாட்டாராம்.”

மறுநாள் காலை பான்சொக்குக்குக் கண் கலங்கி எழுத்துத் தெரியவில்லை. ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். அவன்பேரில் உனக்கு என்ன குறை என்று வசனம் கேட்கவே இல்லை. உன்பேரில் அவனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் என்றுதான் இருந்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு முறையும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

“என்மேல அவனுக்கு என்ன குறை?” என்று வாய்விட்டே கேட்டார்.

முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்த சூன்நிம் திரும்பவில்லை. “மூணு குளிர்காலம் உங்கப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளுனது யாரு? நீங்க கடல்ல இருந்தீங்க. பலகை யாருக்கு வந்துச்சு?”

“இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“மூணு தரம் சொன்னேன். நீங்க மும்முரமா மன்னிச்சுக்கிட்டிருந்தீங்க.”

பான்சொக் பலகையைக் கழற்றி முதுகில் கட்டி, புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பட்டப்பகலில் அலைத்தடுப்பின்மேல் நடந்தார். பார்க்க வந்தவர்களால் அன்று மூன்று கொப்பரை நெத்திலி குழைந்துபோனது.

வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பான்ஹோ நிமிர்ந்தான். “என்னண்ணே, கதவைப் பேத்துத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?” எட்டு வருடத்தில் அண்ணனிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

“இது உன்னுதுடா. எனக்குக் குடுத்தப்போ கூசாம வாங்கிக்கிட்டேன்.”

பான்ஹோ மூட்டைக் கயிற்றைக் கீழே போட்டான். “பலகை யாருக்குண்ணே வேணும்? அத்தனை பேர் முன்னால, என் தம்பிதான் பாத்துக்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கணும்,” என்றார் பான்சொக். பிறகு அலைத்தடுப்பில் நின்ற கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, படகிலிருந்து கூப்பிடுகிற குரலில் அந்த வார்த்தையைச் சொன்னார். அக்கரைவரை கேட்டது. அண்ணனும் தம்பியும் மூட்டைமேல் உட்கார்ந்து அழுதார்கள்.

பலகை மாட்டச் சுவர் இல்லை, வீடு கைமாறிவிட்டது. அடுப்பில் சூப் கொதித்தது. மூடி ஏதோ மூட்டைக்குள் போய்விட்டிருந்தது. பான்ஹோ பலகையை எடுத்துப் பானைமேல் மூடினான், பொருத்தமாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அண்ணனின் புத்தகத்தை இழுத்து, சூப்பு விரலை நக்கித் தாளைப் புரட்டினான். புரண்டது. “இதுக்காண்ணே கடப்பாரை கொண்டாந்தீங்க?” என்றான்.

அவன் இன்ச்சோன் போனான். அப்பாவின் நினைவு நாளுக்கு வருடா வருடம் வந்துவிடுகிறான். சூன்நிம்மின் புத்தகம் நான்காந்தரத்தில், நாவை அடக்கச் சொல்லும் யாக்கோபின் நிருபத்தில் சிக்கிக்கொண்டது. பைண்டிங் சரியில்லை என்கிறாள். போதகர் அட்டவணையைக் கழற்றி மடித்து, ஆடுகிற பிரசங்க மேடைக்கு முட்டுக்கொடுத்துவிட்டார். ஆறாம் அதிகாரம் பான்சொக்குக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. இந்தக் கணக்கில் போனால் வேதத்தை முடிக்க இன்னும் ஆயிரம் வருடத்துக்குக் குறையாமல் ஆகும் என்று அவரே விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்ணி முடித்ததும் பேருந்து ஏறிப் பட்டணத்துக்குப் போய், புதுக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார்.