ஆர்வில் ஸ்டாம்பரின் இருமல்

ஆர்வில் ஸ்டாம்பரைப் புதைத்த பதினோராம் நாள் அவருடைய இருமல் வீட்டுக்குத் திரும்பி வந்தது. காலை ஆறேகாலுக்கு, அவர் காபி குடிக்கும் நாற்காலியிலிருந்து, குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று. மனைவி வெர்னா பயப்படவில்லை. இரண்டாவது கோப்பையை எடுத்து வைத்தாள். அந்த வீட்டில் துணைக்கு வேறு யாரும் இல்லை.

எங்கள் கென்டக்கி மலையோரத்தில் சாவு வீட்டுக்குச் சுட்ட கோழி கொண்டுபோவோம். பாத்திரம் திரும்பி வருவதற்காக அடியில் பெயர் ஒட்டியிருக்கும். நுரையீரல் புற்றுநோய் என்றால் மட்டும் வாசலிலேயே ஒரு கேள்வி கேட்போம்: "சிகரெட் பிடிப்பாரா?" அந்த நோயில் போன ஆர்வில் நாற்பது வருடம் புகையிலை பயிரிட்டவர், ஒன்றைக்கூடப் பற்றவைத்ததில்லை. ஊர் நம்பவில்லை. புகையிலை விற்று வயிறு வளர்த்த நாங்கள் எந்த முகத்தோடு அதைக் கேட்டோமோ, நினைத்தால் இப்போதும் கூசுகிறது. வெர்னாவுக்கு மூன்றே பாத்திரங்கள் வந்தன.

அடுத்த வசந்தத்தில் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து டெலோரா என்ற பெண் வந்தாள். பள்ளிகளில் இந்த நோயைப் பற்றிப் பாடம் எடுப்பது, ஸ்கேன் வண்டியை ஊர் ஊராக ஓட்டுவது, ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவது அவர்கள் வேலை. அவள் வெர்னாவிடம் பேசிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்தார். இருமல் நாற்காலியை விட்டு எழுந்துபோய் அவர் தோளருகே இருமியது. டெலோரா அவரை அப்படியே வாசலில் நின்ற ஸ்கேன் வண்டியில் ஏற்றினாள். கடலையளவு கட்டி, ஆரம்ப நிலை, அறுத்தெடுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்.

இருமலை இரவல் தரும்படி டெலோரா கேட்டாள். வெர்னா இரண்டு மாதம் கதவையே திறக்கவில்லை. பிறகு ஒருநாள் தானே வண்டிவரை நடந்துவந்து, "அவருக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காது, பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள்.

ஆறு வருடத்தில் அது இருபத்தேழு பேர் அருகில் இருமியது; அத்தனை பேருக்கும் கட்டி இருந்தது. பல்கலைக்கழகத்தார் இருமுறை பதிவுசெய்து, காரணம் தெரியவில்லை என்று எழுதி, ஆய்வைத் தொடர்ந்தார்கள். வெர்னாவின் வீட்டில் குளிர்பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. இரண்டாவது கோப்பையை அவள் கழுவி, துடைத்து, மறுபடி வைத்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆறேகாலுக்கு இருமல் கேட்டது. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் அது நாற்காலியிலிருந்து வரவில்லை, தன் இடது விலாவருகே கேட்கிறது என்பதைக் கவனித்தாள். குணமானால் அது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். நான்கு நாள் யாரிடமும் சொல்லாமல் அதோடு காபி குடித்தாள். ஐந்தாம் நாள் அது இருமுவதை நிறுத்தவே இல்லை. ஆர்விலுக்குக் கோபம் வந்தால் இப்படித்தான். வெர்னா டெலோராவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"வந்துட்டார். எங்கிட்ட."

"இதோ கெளம்பிட்டேன் வெர்னாம்மா. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"இருக்கார். அதான் கூப்பிடச் சொல்லிட்டே இருக்கார்."

கட்டியை எடுத்தார்கள். அவள் வீடு திரும்பியபோது நாற்காலி மௌனமாக இருந்தது. வாசல்படியில் பதினேழு பாத்திரங்கள் இருந்தன. ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

இப்போது எந்த வீட்டில் ஆர்விலின் இருமல் கேட்டாலும் முதல் பாத்திரம் வெர்னாவுடையது. கோழியை மேசையில் வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகலாமா என்று கேட்பாள். யாரோடு உட்கார என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு நாற்காலி போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம்.