கைவசம் நாலு நாள்

மலையேற்றத் திட்டத் தாளில் நான்கு கட்டங்கள் வெள்ளையாக இருந்தன. மற்ற கட்டங்களில் ஊர் இருந்தது, முகாம் இருந்தது, உயரம் இருந்தது. அந்த நான்கில் எதுவுமில்லை. வைகாசி வெயில் ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழைந்து, சரியாக அந்த வெள்ளையின் மேல் வந்து உட்கார்ந்தது.

பெலிசிட்டா தாளை வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கம் ஏதாவது எழுதி அழித்திருக்கிறதா என்று.

இல்லை. ஆனாலும் நம்பவில்லை.

ஐம்பத்தொரு வயது. தூத்துக்குடித் துறைமுகத்து எடைமேடையில் இருபத்தாறு வருட வேலை. லாரி மேடையேறும்போது அவள் முதலில் பார்ப்பது ஓட்டுநரின் முகத்தை. திரையில் விழும் எண்ணைப் பிறகுதான். ஏறுகிற வண்டியெல்லாம் எதையோ மறைக்கிறது. முகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இந்த மனிதரின் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை. குரல்தான் வந்துகொண்டிருந்தது. தொலைபேசியில், வாரம் ஒரு முறை, இமாச்சலத்து மலையூர் ஒன்றிலிருந்து, இராமநாதபுரத்துத் தமிழில்.

கோட்டைச்சாமி. ராணுவத்தில் மலையேற்றம் சொல்லிக்கொடுத்தவர். ஓய்வுக்குப் பிறகு அங்கேயே தங்கி, ஆட்களை மலைக்குக் கூட்டிப்போகிறார். தமிழ் தெரிந்த வழிகாட்டி வேண்டும் என்று அவள்தான் தேடிப் பிடித்தாள். மொழி தெரியாத இடத்தில் பொய் சுலபமாக நுழைந்துவிடும்.

அது அவளுக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டது.

அன்று வேறொரு குழு, வேறொரு மலை. கடைசிக் கூடாரத்தில் வழிகாட்டி கையை விரித்தான். வானிலை சரியில்லை, கீழே போங்கள் என்றான். அவள் இறங்கினாள். பத்து நாள் கழித்து ஒரு புகைப்படம் வந்தது. அதே குழுவின் நான்கு இளைஞர்கள், அதே காலையில், உச்சியில். அவர்களுக்குப் பின்னால் வானம். ஒரு துணுக்கு மேகம் இல்லாத நீலம்.

வானிலை சரியாகத்தான் இருந்தது. அவள் வயதுதான் சரியாக இல்லை.

அதனால்தான் இந்த முறை தனியாக. ஆறாயிரம் மீட்டருக்குச் சற்றே மேலே ஒரு மலை. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் வாயில் நுழையவில்லை. அவள் வெள்ளச்சி என்று கூப்பிட்டாள்.

முதல் திட்டத்தில் பதினோரு நாள். அதில் அவசரத்துக்குக் கைவசம் ஒரு நாள். அடுத்த வாரம் பன்னிரண்டு. பிறகு பதின்மூன்று. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு வெள்ளைக் கட்டம் முளைத்தது.

"இன்னொரு நாள் கைவசம் வச்சுக்கிருவோம் மேடம்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"மலை மேடம். நம்ம சொல்ற தேதிக்கு அது வராது."

நல்ல பதில். மிகவும் நல்ல பதில். தயார் செய்து வைத்த பதில் போல.

பதினான்காவது நாள் சேர்ந்தபோது, கூடவே இன்னொரு பெயரும் சேர்ந்தது. யாங்சென். அந்த ஊர்ப் பெண், முப்பது வயது, அவளும் வழிகாட்டி. கேட்காமலே சேர்த்திருந்தார். ஏன் என்றதற்கு, "ஒத்தாசைக்கு மேடம்" என்றார்.

பெலிசிட்டா அன்று முழுவதும் அதையே மென்றுகொண்டிருந்தாள். ஒரு ஆளை மேலே ஏற்ற ஒரு ஆள் போதும். பாதியில் கீழே இறக்கத்தான் இரண்டு ஆள்.

நான்கு வெள்ளைக் கட்டங்கள். தன்னைத் திருப்பி அனுப்ப நான்கு வாசல்கள். அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஆனாலும் புறப்பட்டாள்.

*

முகத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அது சிரித்தது. ஒடுங்கிய கன்னம், நரைத்த மீசை, வெயிலில் கறுத்த மூக்கு. கண் மட்டும் சிரிக்கவில்லை. கண் அவளைத் தாண்டி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாங்சென் சிரிக்கவே இல்லை. மூட்டைகளைக் கட்டினாள். கோட்டைச்சாமியை முறைத்தாள். துறைமுகத்து வடநாட்டு ஓட்டுநர்களிடம் கற்ற இந்தியில் பெலிசிட்டா இரண்டொரு வார்த்தை பேசினாள். யாங்சென் பதிலைச் சுருக்கமாகக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

இவர்களுக்குள் ஏதோ இருக்கிறது. எனக்குச் சொல்லாத ஏதோ.

அடிவார முகாமில் மழை. கூடாரத் துணியில் மழை, பாறையில் மழை, சமையல்காரரின் புகையில் மழை. முதல் கைவசநாள் அங்கே கரைந்தது. மறுநாள் மழை நின்றது. மலை பாதி தெரிந்தது. ஆனாலும் கோட்டைச்சாமி நகரவில்லை, இரண்டாவது கைவசநாளும் கரைந்தது.

"ஒடம்பு உயரத்துக்குப் பழகணும் மேடம். இன்னக்கியும் இங்கனயே இருப்போம்."

அவள் உடம்பு பழகியிருந்தது. நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினாள். விரலில் மாட்டும் கருவியை அவர் காலையும் மாலையும் கொண்டுவருவார். அதில் எண் விழும். மூச்சுக்காற்று ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்கிற எண். அவளுடைய எண்ணைச் சத்தமாகப் படிப்பார். யாங்செனுடையதையும் படிப்பார்.

தன் விரலில் மாட்டும்போது மட்டும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்.

பெலிசிட்டா அதைப் பார்த்தாள். பார்த்ததை முகத்தில் காட்டவில்லை.

*

மேல்முகாமுக்கு ஏறும் வழி. ஒரு பக்கம் கற்சரிவு, இன்னொரு பக்கம் பழைய பனி. வெயில் வந்து போனது. மேகம் வந்து நின்றது.

நாற்பது அடிக்கு ஒரு முறை கோட்டைச்சாமி குனிந்தார். காலணிக் கயிற்றைக் கட்டினார். அவிழாத கயிற்றை. திரும்பத் திரும்ப.

இளைப்பாற உட்கார்ந்த இடத்தில், நகர்த்தி வைக்கிற சாக்கில் அவருடைய பையைத் தூக்கினாள். ஏழு கிலோ. அரைக் கிலோ கூடலாம், குறையலாம், அதற்கு மேல் அவள் கை தப்பாது. யாங்செனின் பையைத் தூக்கினாள். இருபத்துமூன்று. காலையில் அவர் பையில் இருந்த கயிற்றுச்சுருள் இப்போது இவள் பையில்.

உச்சிக்குப் போகிறவன் கயிற்றைக் கைமாற்ற மாட்டான்.

அவள் அப்படியே நின்றாள். இத்தனை நாளும் தப்பான வண்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தோமோ?

*

மேல்முகாம். பிற்பகல். பனி விழ ஆரம்பித்திருந்தது. பெரிய பூக்களாக இல்லை, மாவு சலித்தது போல. உலகம் இரண்டு கூடாரங்களின் அளவுக்குச் சுருங்கியது.

மறுநாள் உச்சி. திட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

கோட்டைச்சாமி கூடாரத்துக்குள் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு வெளுத்திருந்தது. இருமினார். இருமலை விழுங்கினார். பெலிசிட்டா வாசலில் மண்டியிட்டு உள்ளே நுழைந்தாள்.

"அண்ணாச்சி, அந்த நாலு நாளும் யாருக்கு?"

"என்ன மேடம் கேக்குறீக?"

"கேக்கது ஒங்களுக்குப் புரியுது. யாருக்கு?"

பனி கூடாரத்தை உரசிக்கொண்டே இருந்தது. அவர் தன் கைகளைப் பார்த்தார்.

"எனக்குத்தான்."

பிறகு நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"மூணு வருசத்துக்கு முந்தி, மேல வச்சு நெஞ்சுக்குள்ள தண்ணி கோத்துக்கிருச்சு. நாலு பேரு தூக்கி எறக்குனாக. அதுக்கப்புறம் உச்சிக்கு என்னைய யாரும் கூப்பிடல. நீங்க கூப்பிட்டீக. முடியாதுன்னு சொல்ல வாய் வரல." மூச்சு வாங்கினார். "மெல்ல ஏறுனா தாங்கும்னு நெனச்சேன். பயம் வரவர ஒரு நாளக் கூட்டினேன். சொல்லிருங்கன்னு யாங்சென் எங்கிட்டச் சண்டை போட்டுச்சு. நாந்தான் வாய மூடச் சொன்னேன்."

"ஒங்க கயித்துல தொங்கப் போறது நானு. ஒரு வார்த்த சொல்லிருக்கணும்லா?"

"சொல்லியிருந்தா வந்துருப்பீகளா?"

வந்திருக்க மாட்டாள். அது இரண்டு பேருக்கும் தெரியும்.

கோபம் வந்தது. ஆனால் அது வார்த்தையாகும் முன் ஒரு சத்தம் வந்தது. தம்ளரின் அடியில் மிச்சமிருக்கும் சர்பத்தை உறிஞ்சுவது போல ஒரு சத்தம். அவர் மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும்.

"திரும்புங்க."

அவர் திரும்பினார். அவள் அவர் முதுகில் காதை வைத்தாள். தடித்த துணி, வியர்வை வாசனை, அதற்கும் உள்ளே, வெகு ஆழத்தில், தண்ணீர்.

யாங்சென் வாசலில் வந்து நின்றாள். அவர் விரலைப் பிடித்து இழுத்துக் கருவியை மாட்டினாள். இந்த முறை எண்ணை அவரால் மறைக்க முடியவில்லை. அறுபத்தெட்டு. எண்பதாவது இருக்க வேண்டியது.

நாளை வானம் தெளியும் என்று யாங்சென் இந்தியில் சொன்னாள். பிறகு அவரைக் காட்டி, ஆனால் இவர் இப்போதே இறங்க வேண்டும் என்றாள். தனியாக இறங்க முடியாது. சொல்லிவிட்டு பெலிசிட்டாவின் முகத்தையே பார்த்தாள்.

பெலிசிட்டா அந்த முகத்தில் தேடினாள். தந்திரம் இருக்கிறதா. இதுவும் பழைய நாடகத்தின் புது வேஷமா. தேடினாள், தேடினாள். பயம் மட்டும்தான் இருந்தது.

"கயித்த எடு," என்றாள் தமிழில். யாங்செனுக்குப் புரிந்தது.

இறங்கினார்கள். யாங்சென் முன்னால், கோட்டைச்சாமி நடுவில், பெலிசிட்டா பின்னால். கயிற்றின் இந்த முனையை இறுக்கிப் பிடித்தபடி. அவர் இரண்டு முறை உட்கார்ந்துவிட்டார். இரண்டு முறையும் அவள் அதட்டி எழுப்பினாள். அவர் பை இப்போது அவள் தோளில் இருந்தது. இருட்டுவதற்குள் அடிவார முகாமின் புகை தெரிந்தது.

*

மறுநாள் வானம் கழுவி வைத்தது போல இருந்தது. காற்றில்லை. மேகமில்லை. வெள்ளச்சி முழுசாக நின்றாள். ஒவ்வொரு மடிப்பும் தெரிய, ஒவ்வொரு மடிப்பிலும் வெயில் வழிய.

பெலிசிட்டா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இன்னொரு நீலக் காலை. இன்னொரு தடவை கீழே.

கோட்டைச்சாமி கம்பளிக்குள்ளிருந்து வெளியே வந்தார். உதட்டில் நிறம் திரும்பியிருந்தது. இறங்கின உயரமே அவருக்கு மருந்தாகியிருந்தது.

"மேடம், மன்னிச்சுருங்க. நான் ஒங்களுக்கு..."

"பேசாதிய. மூச்ச விடுங்க."

மறுபடி முதுகில் காதை வைத்தாள். தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தாள், தேவைக்கும் அதிகமான நேரம்.

மாலைக்குள் எண் எண்பத்தாறு ஆனது. அவர் தாளை எடுத்து விரித்தார். இரண்டு வெள்ளைக் கட்டங்கள் மிச்சம் இருந்தன. இன்றைய கட்டத்தில் உச்சி என்று இருந்ததை முதலில் அடித்தார். அதில் எழுதினார்: கோட்டைச்சாமி கீழே. முதல் வெள்ளைக் கட்டத்தில் எழுதினார்: மேல்முகாம். கடைசி வெள்ளைக் கட்டத்தில், உச்சி என்று எழுதினார்.

"யாங்சென் கூட்டிப் போகும். எனக்கு மேல ஏறுன புள்ள அது. நெசமாவே என்னைய விட நல்லா ஏறும்."

அவர் எழுதிய ஒவ்வொரு எழுத்தையும் பெலிசிட்டா படித்தாள். பிறகு யாங்செனைப் பார்த்தாள். நேற்று இவளுடைய கயிற்றில்தான் மூன்று உயிரும் இருந்தன.

"வானம் கெட்டா?"

"கெட்டா இறங்கிருங்க. ஆனா கெட்டுப்போச்சுன்னு யாங்சென் சொல்லாது. கையக் காட்டும். நீங்களே பாத்துக்கிருங்க."

பயந்த ஒரு மனிதர் தனக்காகக் கூட்டிக்கூட்டி வைத்த நாட்கள். அவற்றில் ஏறித்தான் அவள் மறுநாள் காலை புறப்பட்டாள்.

*

மேல்முகாமில் ஒரு இரவு. அதற்கு மேலே பனிமுகடு மெலிந்துகொண்டே போனது. காலடி. மூச்சு. காலடி. மூச்சு. கிழக்கில் வெளிச்சம் ஒரு கோடாக வந்தது, பிறகு பட்டையாக, பிறகு எல்லாமாக. யாங்சென் இரண்டு முறை நின்று மேற்கே கையைக் காட்டினாள். பெலிசிட்டா பார்த்தாள். தூரத்தில் மேகம், அசையாமல். இரண்டு முறையும் அவளே தலையசைத்தாள்.

பிறகு யாங்சென் நின்றாள். நின்று, திரும்பி, முதல் தடவையாகச் சிரித்தாள்.

"இதுதானா?" என்றாள் பெலிசிட்டா.

இதுதான்.

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. நான்கு எட்டு வைத்து அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். சரிவு. இந்தப் பக்கம் பார்த்தாள். சரிவு. பின்னால் பார்த்தாள், இன்னும் உயரமாக ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று. எல்லாப் பக்கமும் மலை கீழேதான் போயிற்று. இதற்கு மேல் ஏற இடமில்லை.

யாங்சென் வாக்கி டாக்கியை நீட்டினாள். கரகரத்துக்கொண்டு ஒரு குரல்.

"மேடம்! மேல போயிட்டீகளா?"

"வந்துட்டோம்னுதான் நெனைக்கேன். நீங்க எப்படி இருக்கிய?"

"நல்லாருக்கேன் மேடம். ரொம்ப நல்லாருக்கேன்."

ரொம்ப என்ற அந்த வார்த்தை அவளுக்குப் பிடிக்கவில்லை.

"அத வாய் கிட்ட வச்சு மூச்சு விடுங்க அண்ணாச்சி. நாங் கேக்கணும்."

முதலில் கரகரப்பு. பிறகு வந்தது. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே. பெலிசிட்டா காற்றுக்கு முதுகைக் காட்டி, குல்லாயை ஒதுக்கி, கருவியைக் காதோடு அழுத்திக்கொண்டாள். சுற்றிலும் வெயில். அவள் எதையும் பார்க்கவில்லை, கண்ணை மூடியிருந்தாள்.

"இன்னொரு தடவ," என்றாள்.