தரை தொடாத துரை

பிரெஞ்சு பேசும் நார்மன்கள் கடல் தாண்டி வந்து இங்கிலாந்தைப் பிடித்த ஹேஸ்டிங்ஸ் போருக்கு அடுத்த வசந்தத்தில் ஊல்மியர் கிராமத்தை ஆள வந்த நார்மன் வீரன் துர்ஸ்தான் குதிரையிலிருந்து இறங்கியபோது, அவன் கால்கள் தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டன. அந்த வருடம் பார்லி நன்றாக விளைந்தது. ஆடுகளுக்குக் கால்நோய் கண்டது. கால்தான் தரையில் படவில்லை, அவன் கை எல்லாவற்றிலும் பட்டது. காடு அவனுடையது, ஆலை அவனுடையது, குளத்து விலாங்குகள்கூட அவனுடையவை. ஊரார் மண் சுமந்து மேடு எழுப்பி, அதன்மேல் அவனுக்குக் கோட்டை கட்டினார்கள். போரில் கணவனை இழந்த மில்த்ரித்தின் நிலத்தை எடுத்துக்கொண்டவன், உரிமை உறுதிப்படட்டும் என்று அவளையும் மணந்துகொண்டான். அவளை யாரும் கேட்கவில்லை. காற்று பலமாக வீசும் நாட்களில் அவன் இடுப்பில் கயிறு கட்டி மேசைக்காலோடு பிணைப்பது அவள் வேலையாயிற்று. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் யோசித்துத்தான் முடிச்சுப் போட்டாள்.

மூன்றாம் ஆண்டு மார்ச் புயலில், வாசலுக்கு வந்தவனைக் காற்று கயிற்றோடு மேசைக்காலிலிருந்து பிடுங்கிக் கோட்டைக்கு மேலே தூக்கியது. கயிற்றின் நுனியை மில்த்ரித் எட்டிப் பிடித்தாள். ஊர் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தது.

“விட்ருங்கம்மா. வந்த கடல் வழியாவே போகட்டும்,” என்றான் ஆலைக்காரன் ஓஸ்வின்.

அவள் உள்ளங்கை உரிந்து ரத்தம் கசிந்தது. திரும்பி வராத முதல் கணவனை நினைத்தாள். விரல்களைத் தளர்த்தவும் செய்தாள். பிறகு கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

“இவன் போனா இன்னொருத்தன் வருவான், ஓஸ்வின். வந்தவன் இந்தக் கோட்டை சின்னதா இருக்கும்பான். மறுபடி மண்ணு சுமக்கிறது யாரு, உன் மாமியாரா?”

ஓஸ்வினும் ஊராரும் கயிற்றைப் பிடித்தார்கள்.

“மெதுவா இழுங்கப்பா, இடுப்பு அறுக்குது,” என்று மேலேயிருந்து சுத்தமான ஊல்மியர் ஆங்கிலத்தில் குரல் வந்தது. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நம்பி இத்தனை நாள் அவன் முன்னால் பேசியதையெல்லாம் நினைத்து ஊர் கயிற்றை இன்னும் மெதுவாக இழுத்தது. கீழே வந்த பிறகு அவன் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அந்த வருடம் மட்டும் விலாங்கு பிடிக்க அனுமதி கொடுத்தான்.

அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகள் தரைக்கு விரற்கடை மேலே நடந்தார்கள். பேரப்பிள்ளைகளின் கால் நன்றாகவே மண்ணில் பதிந்தது. வரி கேட்கும்போது பிரெஞ்சும், கல் தடுக்கினால் ஆங்கிலமும் பேசினார்கள். துர்ஸ்தான் இறந்தபோது பெட்டி குழியில் தங்கவில்லை. பாறாங்கல்லை ஏற்றிப் புதைத்தார்கள். இப்போது அந்தக் கல் புல்லுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. மழைக்கு ஒதுங்க வசதியான இடம் என்று பாதிரியாரின் கோழிகள் அதன் அடியில்தான் முட்டையிடுகின்றன.